கொலைகாரர் என்று சொல்லவும்

டிப்பர் மணிவண்ணனைத் தெரியவே தெரியாது என்று வெள்ளைக்குழி ஊரில் சத்தியம் செய்யாத ஆள் கிடையாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஆனி மாதம் வரைக்கும் நிலைமை அதுதான். கல் திருட்டு, ஆடு திருட்டு, அடிதடி என்று போலீஸ் எதற்கு வந்து விசாரித்தாலும், அவனோடு ஒரே பெஞ்சில் எட்டு வருஷம் உட்கார்ந்து படித்தவன்கூட, "எந்த மணிவண்ணன் சார்?" என்றுதான் கேட்டான். ஆடி பிறந்தது. ஒரு விடியற்காலையில், அனுமதிச் சீட்டில்லாமல் சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போன தன் லாரியை மறித்த குவாரி காவலாளி தங்கசாமி மேல் அதே லாரியை ஏற்றிக் கொன்றான் மணிவண்ணன். பெரம்பலூரிலிருந்து 'குமுறல் டிவி' கேமராவோடு வந்து இறங்கியது. அவ்வளவுதான், அவனைத் தெரியாத ஆளே ஊரில் இல்லை என்று ஆகிவிட்டது.

ஏழாம் வகுப்பு ரிஜிஸ்டரில் அவன் பெயருக்கு நேராகச் சிவப்பு மையில் 'தேறமாட்டான்' என்று எழுதிய ராசாங்கம் வாத்தியார், துவைத்த சட்டை போட்டுக்கொண்டு வந்து, "அப்பவே அந்தக் கண்ணுல ஒரு தலைமைப் பண்பு தெரிஞ்சுதுங்க" என்றார். சலூன் வைரக்கண்ணு, 'டிப்பர் அண்ணன் முடிவெட்டிக்கொண்ட கடை' என்று போர்டு வைத்தார். சும்மா நாற்காலியில் உட்கார்ந்தால் நூறு ரூபாய், 'அதே நாற்காலி'யில் உட்கார்ந்தால் நூற்றைம்பது. ஜெயங்கொண்டத்திலிருந்து பஸ் ஏறிப் பையன்கள் வந்தார்கள். இதையெல்லாம்கூட ஒரு பக்கம் வைத்துவிடலாம். அவன் முதன்முதலில் திருடியது எங்கள் ஆடா, உங்கள் ஆடா என்று கிழக்குத் தெருவுக்கும் மேற்குத் தெருவுக்கும் சண்டை வந்து, இரண்டு பேருக்கு மண்டை உடைந்தது. திருட்டுக் கொடுத்தவர்கள் அந்தப் பெருமைக்கு அடித்துக்கொண்ட ஊர் இந்தப் பக்கத்தில் வெள்ளைக்குழி ஒன்றாகத்தான் இருக்கும். குமுறல் டிவி இரண்டு ஆட்டையும் காட்டியது.

இன்னொரு மாற்றமும் நடந்தது. அதுவரைக்கும் 'வந்தான், போனான்' என்று இருந்த மணிவண்ணனுக்கு ஒரே நாளில் 'ர்' வந்துவிட்டது. வந்தார், போனார், ஏற்றினார். அரியலூர்ச் சீமையில் ஒருத்தன் பெயருக்குப் பின்னால் இந்த 'ர்' ஏறுவதற்கு நாற்பது வருஷம் வாத்தியார் வேலை பார்க்க வேண்டும், இல்லையென்றால் ஒரு கோயிலாவது கட்ட வேண்டும். லாரி ஏற்றினாலும் கிடைக்கும் என்பது இப்போதுதான் தெரிந்தது.

செத்துப்போன தங்கசாமியின் பெண்டாட்டி கலியம்மாளுக்கு இதெல்லாம் ஒன்றும் விளங்கவில்லை. முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலை அவளுக்கு. கொட்டைப் பால் பட்டுப் பட்டு விரலெல்லாம் கறுத்துப் போனவள். மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டு வந்து ஈரப் புடவையோடு மூலையில் உட்கார்ந்திருந்தபோதுதான், குமுறல் டிவியின் நிகழ்ச்சித் தலைவர் செந்தில்குமார் செருப்பைக் கழற்றாமல் வீட்டுக்குள் வந்தார்.

"அம்மா, வணக்கம். அண்ணனை நீங்க மொத மொதல்ல எப்ப பாத்தீங்க?"

"எந்த அண்ணனைக் கேக்குறீங்க? எனக்கு ரெண்டு அண்ணன்."

"மணிவண்ணன் அண்ணனைம்மா."

கலியம்மாள் அவர் முகத்தையே பார்த்தாள். தன் காதில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தாள். "எம் புருசன் பேரு தங்கசாமிங்க" என்றாள்.

"அதை நாங்க 'காவலாளி ஒருவர்'னு போட்டுக்குறோம்மா. ரெண்டு பேரு பேரைச் சொன்னா நேயர்களுக்குக் குழப்பமாயிடும். நீங்க அண்ணனைப் பத்திச் சொல்லுங்க. லாரியில வரும்போது பாட்டு போட்டுக்கிட்டு வருவாரா?"

அரை மணி நேரம் இப்படியே கேட்டார். புறப்படும்போது கைகூப்பி, "சரிம்மா, போயிட்டு வரோம்" என்றார்.

வீடு அப்படியே உறைந்து போனது. துக்கம் கேட்க வந்தவர்கள் எழுந்து பேசாமல் போய்விட வேண்டும். 'போயிட்டு வரேன்' என்று சாவு வீட்டில் சொன்னால், இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்று அர்த்தம். பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூட இது தெரியும். தங்கசாமியின் அக்கா வீராயி மாரில் அடித்துக்கொண்டு எழுந்தாள்.

"அட பாவி! எழவு வூட்டுல வந்து போயிட்டு வரேங்குறியே! நீ திரும்பி வர்றதுக்கு இங்க இன்னொரு பொணம் வுழணுமாடா?"

செந்தில்குமாரின் முகம் மலர்ந்தது. "பாட்டிம்மா, சூப்பர். அதையே இன்னொரு தடவை சொல்லுங்க. கேமராவைப் பாத்து."

வீராயி சொல்லவில்லை. ஆனால் செந்தில்குமார் 'வரோம்' என்று சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். காரியத்துக்கு வந்தார், மணிவண்ணன் ஜாமீனில் வந்த அன்று வந்தார், வருஷ திதிக்கும் வந்தார்.

ஒன்றரை வருஷம் ஓடியது. இதற்குள் 'டிப்பர்: ஒரு சகாப்தம்' என்று தொடர் ஆரம்பித்து ஐந்து வாரம் ஓடிவிட்டது. அரியலூர்க் கோர்ட்டில் வழக்கும் விசாரணைக்கு வந்தது. பதினான்காம் தேதி சாட்சி. கேஸில் நேரில் பார்த்த சாட்சி என்று இருப்பது ஒரே ஆள்தான், குவாரி வாசலுக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் அமிர்தலிங்கம். அன்று விடியற்காலையில் அடுப்பு பற்ற வைத்துக்கொண்டிருந்தவர் நடந்தது முழுவதையும் பார்த்தார், போலீஸிடம் சொல்லியும் இருந்தார்.

அரசு வக்கீல் கலியம்மாளைக் கூப்பிட்டு, "அந்த டீக்கடைக்காரரை மட்டும் கெட்டியா புடிச்சுக்கம்மா. அவரு கூண்டுல ஏறி வாய் மாத்திட்டாருன்னா கேஸ் அன்னியோட முடிஞ்சுது" என்றார்.

அவள் நேராக டீக்கடைக்குப் போனாள். கடை அடையாளம் தெரியவில்லை. கீற்றுக் கொட்டகை போய்த் தகரக் கூரை வந்திருந்தது. வாசலில் மணிவண்ணன் டீ குடிக்கிற மாதிரி ஆளுயரப் படம். அமிர்தலிங்கம் அவளைப் பார்த்ததும் டீயை ஆற்றுவதை நிறுத்திவிட்டார்.

"பதினாலாந் தேதி வந்து பாத்ததை அப்படியே சொல்லிடுங்கண்ணே. வேற எதுவும் நான் கேக்கல."

"சொல்லணும்னுதாம்மா எனக்கும் இருக்கு." அவர் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தார். "ஆனா நான் பாத்தது இப்ப என்னோடது இல்லம்மா."

"பின்ன யாரோடது?"

"குமுறல் டிவியோடது. எழுதிக் குடுத்துட்டேன்."

கல்லாப்பெட்டியிலிருந்து ஒரு பத்திரத்தை எடுத்து நீட்டினார். கலியம்மாளுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். கூட்டிக் கூட்டிப் படித்தாள். அன்று காலை அமிர்தலிங்கம் கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது, அப்போது மனதில் தோன்றியது எல்லாவற்றுக்கும் முழு உரிமையும் குமுறல் டிவியைச் சேரும். ஆறாவது வாரம் ஒளிபரப்பாகும் முன் அதை வேறு எங்கும், யாரிடமும் சொல்லக் கூடாது. சொன்னால் வாங்கியதைப் போல இரண்டு மடங்கு திருப்பித் தர வேண்டும். நான்காவது பிரிவு இப்படி இருந்தது: 'பேட்டியில் அவன் என்று சொல்லக் கூடாது. அவர் என்று சொல்லவும். கொலைகாரன் என்று சொல்ல நேர்ந்தால், கொலைகாரர் என்று சொல்லவும்.'

"இது என்ன கருமம்ணே? மாட்டைத் தோட்டத்தை விப்பாங்க. கண்ணால பாத்ததை யாராவது விப்பாங்களா?"

"கடை ஒழுகுச்சும்மா" என்றார் அமிர்தலிங்கம். அதற்குமேல் அவரால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

மறுநாள் கலியம்மாள் பெரம்பலூர் போனாள். குமுறல் டிவி ஆபீஸ் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் இருந்தது. படியெல்லாம் மணிவண்ணன் படம். செந்தில்குமார் அவளை நாற்காலியில் உட்கார வைத்து, மோர் வாங்கிக் கொடுத்து, மிகவும் மரியாதையாகப் பேசினார். அந்த ஆளிடம் மரியாதைக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது.

"அம்மா, கோர்ட்ல சாட்சி சொல்றதை நாங்க தடுக்கவே மாட்டோம். சட்டத்தை மதிக்கிற சேனல் இது. ஆனா நீங்களே யோசிச்சுப் பாருங்க. பதினாலாந் தேதி அவர் கோர்ட்ல சொல்லிட்டாருன்னா, சாயங்காலமே எல்லாச் சேனல்லயும் வந்துடும். நாங்க ஒன்றரை வருசம் கட்டிக் காப்பாத்துன கொலை, ஓசியில போயிடும். இது நியாயமா?"

"கொலை உங்களதாங்க?"

"ஆறாவது வாரம் வரைக்கும்." அவர் கொஞ்சமும் சிரிக்கவில்லை. "நாங்க குற்றத்துக்கு எதிரானவங்கம்மா. அதுல சந்தேகமே வேண்டாம். எங்க தொடரைப் பாத்துட்டு எத்தனை இளைஞர்கள் திருந்துறாங்க தெரியுமா? திருந்துறதுக்கு முன்னாடி அண்ணன் மாதிரியே முடி வெட்டிக்குறாங்க, அது வேற விஷயம். அண்ணன் ஜெயிலுக்குப் போகணும்னுதான் எங்க ஆசையும். அடுத்த தொடரே 'சிறையில் டிப்பர்'தான். ஆனா எல்லாத்துக்கும் ஒரு வரிசை இருக்குல்ல? டீக்கடைக்காரர் கோர்ட்ல, 'இப்ப சரியா ஞாபகம் இல்ல'ன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். ஆறாவது வாரத்துல நாங்க அவருக்கு ஞாபகம் வர வச்சிடுறோம்."

"அதுக்குள்ள கேஸு போயிடுமேங்க!"

செந்தில்குமார் கண்ணை மூடி யோசித்தார். பிறகு, ஏதோ பெரிய தியாகம் செய்கிறவர் போலச் சொன்னார். "சரி. உங்களுக்காக ஆறாவது வாரத்தை முன்னாடி கொண்டு வரேன். பன்னெண்டாந் தேதி சாயங்காலம், நேரலை. நீங்க வந்து உட்காரணும். நிகழ்ச்சி முடியிற வரைக்கும் இருக்கணும். அது முடிஞ்சதும் டீக்கடைக்காரரை அக்ரிமென்ட்டுலேருந்து விடுவிச்சிடுறோம். அவர் கோர்ட்ல என்ன வேணா சொல்லிக்கட்டும். வரும்போது உங்க வீட்டுக்காரரோட விசில் ஒண்ணு இருந்தா எடுத்துக்கிட்டு வாங்க."

போலீஸ் எடுத்துப் போனது போக, வீட்டில் ஒரு பழைய விசில் இருந்தது. கலியம்மாள் அதை முந்தானையில் முடிந்துகொண்டு பன்னிரண்டாம் தேதி போனாள். ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தால் சாட்சி கிடைக்கும். உட்காருவதற்கு என்ன, அவள் காலையிலிருந்து பொழுது சாய உட்கார்ந்துதான் கொட்டை உடைக்கிறாள்.

உள்ளே போனால் குவாரி வாசலே எழுந்து நின்றது. தெர்மாகோலில் செய்த கேட், காவலாளி நாற்காலி, எதிரே ஒரு டீக்கடை. அந்த டீக்கடைக்குள் நிஜ அமிர்தலிங்கம் நிஜப் பாய்லரோடு நின்றிருந்தார். முகத்துக்குப் பவுடர் போட்டிருந்தார்கள். ஒரு பெண் வந்து கலியம்மாளுக்கும் பவுடர் பூசினாள். "கையில என்னம்மா இவ்ளோ அழுக்கு?" என்றாள். "அழுக்கு இல்ல தாயி, கொட்டைப் பாலு" என்றாள் கலியம்மாள். "அப்ப இருக்கட்டும், சோகத்துக்கு நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் போய்விட்டாள்.

நூறு பேர் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். விளக்குகள் எரிந்தன. தொகுப்பாளினி பிரவீணா கையை விரித்து, "நம் நிகழ்ச்சியின் நாயகர்!" என்றாள். விசில் சத்தமும் கைதட்டலும் காதைப் பிளக்க, வெள்ளைச் சட்டையும் புதுச் செருப்புமாக மணிவண்ணன் நடந்து வந்தான். அவனுக்குப் பொன்னாடை போர்த்தி, கலியம்மாளுக்குப் பக்கத்து சோபாவில் உட்கார வைத்தார்கள்.

அவள் எழப் போனாள். செந்தில்குமார் கேமராவுக்குப் பின்னாலிருந்து ஓடி வந்து குனிந்து, அவள் காதோடு சொன்னார்.

"உட்காருங்கம்மா, நடுவுல எழுந்தா பேச்சு இல்ல. கடைசியில ரெண்டுல ஒண்ணு செய்யணும். ஒண்ணு, அண்ணனைப் பளார்னு அறையணும். இல்ல, மன்னிச்சிடணும். எது வேணா செய்ங்க, உங்க சுதந்திரம். ரெண்டுக்கும் மியூசிக் போட்டு வச்சிருக்கோம்."

கலியம்மாள் உட்கார்ந்தாள். பதினான்காம் தேதி, பதினான்காம் தேதி என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். தலைக்கு மேலே தொங்கிய ஒரு டிவியில் அவள் முகமே தெரிந்தது. அதன் மூலையில் 'சித்தரிப்பு' என்று ஒரு எழுத்து பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.

பிரவீணா டீக்கடைப் பக்கம் திரும்பினாள். "சொல்லுங்க சார். தமிழ்நாடே காத்துக்கிட்டு இருக்கு. அன்னைக்கு என்ன நடந்துச்சு?"

அமிர்தலிங்கம் மைக்கின் பக்கம் குனிந்தார். "லாரி வந்துச்சு. தங்கசாமி கேட்டைச் சாத்திட்டு முன்னாடி போயி நின்னாரு. ரெண்டு தடவை விசில் ஊதுனாரு. லாரி நிக்கல."

"ரெண்டு விசில்!" என்றாள் பிரவீணா. ஸ்பீக்கரில் இரண்டு விசில் சத்தம் கேட்டது.

"தப்பு" என்றான் மணிவண்ணன்.

எல்லோரும் அவன் பக்கம் திரும்பினார்கள். பொன்னாடையைச் சரிசெய்துகொண்டான். தன் கதையைப் பாதி தெரிந்த ஆள் சொல்வது அவனுக்குப் பொறுக்கவில்லை.

"ரெண்டு இல்ல, மூணு. இவருக்கு எப்படிக் கேக்கும்? வண்டி சத்தம் இருந்துச்சு. ரெண்டாவது விசிலுக்கு நான் பிரேக்குல காலை வச்சிட்டேன். பய ஒதுங்குவான்னு பாத்தேன். மூணாவது ஊதுனான் பாருங்க, அப்பதான் ஏத்துனேன். வாயில விசிலோடதான் விழுந்தான்."

நூறு பேரும் எழுந்து கைதட்டினார்கள். பிரவீணா கண்ணோரத்தைத் துடைத்துக்கொண்டு, "என்ன ஒரு நேர்மை!" என்றாள்.

கலியம்மாளின் காதில் கைதட்டல் விழவில்லை. ஒன்றரை வருஷமாக அவள் இரண்டு விசில் என்றே நினைத்திருந்தாள். நின்றிருக்கிறான் மனுஷன். பிரேக் போட்டதைப் பார்த்து, நின்றுவிட்டது என்று நம்பி, மூன்றாவது ஊதியிருக்கிறான். ஐயோ, அந்த மூன்றாவது விசில் யாருக்குமே கேட்கவில்லையே!

"அம்மா," பிரவீணா மைக்கை நீட்டினாள். "அண்ணன் மனசு திறந்து பேசிட்டார். இப்ப உங்க முறை. அறையப் போறீங்களா, மன்னிக்கப் போறீங்களா?"

கலியம்மாள் எழுந்தாள். முந்தானையில் விசில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள். யாரையும் அறையவில்லை, யாரையும் மன்னிக்கவில்லை. வாசலைப் பார்த்து நடந்தாள்.

"அம்மா, அம்மா! நேயர்களுக்குப் போயிட்டு வரேன்னு ஒரு வார்த்தையாவது சொல்லிட்டுப் போங்க!"

அவள் திரும்பினாள். "எழவு வூட்டுல சொல்லிட்டுப் போற வழக்கம் இல்ல" என்றாள்.

செந்தில்குமாருக்கு முகம் சிவந்துவிட்டது. எந்த மியூசிக்கும் இதற்குப் பொருந்தவில்லை. "விளம்பரம் போடு!" என்று கத்தியவர், டீக்கடைப் பக்கம் விரலை நீட்டினார். "அந்தம்மா பாதியில போயிட்டாங்க, ஆறாவது வாரம் முழுசா ஒளிபரப்பாகல. அதனால விடுவிப்பு கெடயாது. அக்ரிமென்ட் அப்படியேதான் இருக்கு, ஞாபகம் வச்சுக்குங்க!"

அமிர்தலிங்கம் தோள் துண்டால் முகத்துப் பவுடரை அழுத்தித் துடைத்தார். பாய்லரை அணைத்தார். தெர்மாகோல் கடையிலிருந்து இறங்கி, அவரும் யாரிடமும் சொல்லாமல் வெளியே நடந்தார்.

பதினான்காம் தேதி காலை அரியலூர்க் கோர்ட்டு வாசலில் கலியம்மாள் ஒன்பது மணிக்கே வந்து நின்றாள். ஒவ்வொரு டவுன் பஸ்ஸையும் பார்த்தாள். பத்தே காலுக்கு அமிர்தலிங்கம் இறங்கினார். எப்போதும் போடுகிற பழைய சட்டை. "தகரத்தைப் பிரிச்சு வித்துட்டேன். மிச்சத்தை மெதுவா குடுத்துக்குறேன்னு டிவிக்காரங்ககிட்ட சொல்லிட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

கூண்டில் ஏறிப் பார்த்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார். அரசு வக்கீல் கேட்டார்.

"எத்தனை விசில் கேட்டீங்க?"

"ரெண்டு கேட்டேங்க. மூணாவது ஊதுனதையும், அப்பதான் வண்டியை ஏத்துனதையும் அவன் வாயாலயே சொல்லக் கேட்டேன்."

மணிவண்ணனின் வக்கீல் துள்ளி எழுந்தார். "அது டிவி நிகழ்ச்சி! வெறும் நாடகம்! 'சித்தரிப்பு'ன்னு எழுத்து போட்டிருந்துச்சா, இல்லையா?"

"அது வூட்ல உக்காந்து டிவி பாத்தவங்களுக்குத் தெரிஞ்சிருக்குங்க" என்றார் அமிர்தலிங்கம். "நான் அவனுக்கு எதிர்க்க நின்னு கேட்டேன். அவன் மூஞ்சில எந்த எழுத்தும் இல்லீங்க."

நீதிபதி டைப் அடிக்கிறவரிடம், சாட்சியின் வார்த்தையாகவே நிதானமாகச் சொன்னார். "இறந்துபோன தங்கசாமி மூன்றாவது முறை விசில் ஊதியபோது லாரியை ஏற்றியதாக, எதிரி தன் வாயால் சொல்ல நான் நேரில் கேட்டேன்."

கலியம்மாள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கோர்ட்டுப் பேச்சில் குற்றம் சாட்டப்பட்டவனுக்கு எப்போதும் 'எதிரி' என்பதுதான் பெயர், அதில் புதுசாக ஒன்றுமில்லை. அவளுக்கு அது தெரியாது. ஒன்றரை வருஷமாக நாயகர், அண்ணன், அவர் என்றே கேட்டுக் கேட்டுத் தன் காதில்தான் கோளாறு என்று இருந்தவள், அந்தச் சொல்லை வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். அவள் புருஷனுக்கும் அங்கே பெயர் இருந்தது.

தீர்ப்பு அன்றைக்கே வந்துவிடவில்லை. அடுத்த மாதத்துக்கு வாய்தா போட்டார்கள். மணிவண்ணன் ஜாமீனில்தான் இருந்தான், கார் ஏறித்தான் போனான். வெளியே செந்தில்குமார் மைக்கோடு காத்திருந்தார்.

"அம்மா, ஒரு நிமிசம்! உள்ள அண்ணனைப் பத்தி என்ன சொன்னாங்க?"

"எதிரின்னு சொன்னாங்க" என்றாள் கலியம்மாள். "இனிமே நீங்களும் அப்படியே சொல்லவும்."

பிறகு சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறப் போனாள்.